இலை வாட்டும் அறையின் சீரியல் இணைப்பு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் இலை வாட்டும் அறையை எடுத்துக்கொள்வோம். பசுந்தேயிலை பரப்பிய நீண்ட தொட்டிகளுக்கு அடியிலிருந்து விசிறிகள் காற்றைத் தள்ளுகின்றன. அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரு சென்சார் அளக்கிறது; பதினாறு ரிலேக்கள் கொண்ட பலகை, கான்டாக்டர்கள் வழியாக விசிறிகளைப் போட்டு நிறுத்துகிறது. இரண்டும் ஆர்எஸ்-485 என்ற சீரியல் வகையைச் சேர்ந்த ஒரே இணைக் கம்பியில், கேட்டால் மட்டும் பதில் சொல்லும் மோட்பஸ் ஆர்டியூ முறையில் பேசுகின்றன. சென்சாரின் எண் 1, பலகையின் எண் 2. வேகம் 9600, எட்டு பிட், பேரிட்டி (பிழை காண உதவும் கூடுதல் பிட்) கிடையாது, ஒரு ஸ்டாப் பிட். யூஎஸ்பி மாற்றி வழியாக இவற்றை இயக்குவது லினக்ஸில் ஓடும் ஒரு சி நிரல். நள்ளிரவில் இது நின்றுபோனால் தொட்டியில் கிடக்கும் இலை சூடேறிச் சிவந்துவிடும் என்பதால், பிழையைத் தேடும் வரிசை முக்கியமாகிறது.

மலையில் இப்படியோர் அமைப்பு மக்கர் செய்தால் பழி உடனே ஈரத்தின் மேலும் இடியின் மேலும் விழும். சில சமயம் அது நியாயமான பழிதான். ஆனாலும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிழை எப்போதும் இருக்கிறதா, ஒரு நிகழ்வோடு சேர்ந்து வருகிறதா, அல்லது குறிப்பிட்ட ஓர் அளவீடு வரும்போது மட்டும் வருகிறதா? எப்போதும் இருந்தால் போர்ட்டின் அமைப்பையும் வயரிங்கையும் பார்க்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது, மின்சாரம் போய் வரும்போது என்று வந்தால் மின்வழங்கலைப் பார்க்க வேண்டும். அளவீட்டைப் பொறுத்து வந்தால் கம்பியைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் கம்பிக்கு 78.6 என்பதும் 78.7 என்பதும் ஒன்றுதான்.

அடுத்ததாக, பைட்டுகளைக் கண்ணால் பார்க்க ஒரு வழி தேவை. எஸ்ட்ரேஸ் கருவி, நிரல் ரைட் அழைப்பில் என்ன கொடுத்தது, ரீட் அழைப்பில் என்ன பெற்றது என்பதைக் காட்டும். ஆனால் அது காட்டுவது நிரலுக்கும் லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் இடையே நடந்ததை மட்டுமே. கெர்னல் அந்தப் பைட்டுகளை மாற்றி அனுப்பியிருந்தால் அதில் தெரியாது. கம்பியில் உண்மையில் ஓடியதைக் காண, இன்னொரு யூஎஸ்பி மாற்றியை அதே இணைக் கம்பியில் பொருத்தி, வேறொரு மடிக்கணினியில் கேட்க மட்டும் செய்யலாம். கேட்கும் பக்கத்துப் போர்ட், பைட்டுகளை மாற்றாமல் தரும் ரா நிலையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிழையைப் பிடிக்க வைத்த கருவியே புதுப் பிழைகளைக் காட்டும். பைட்டுகளைக் கீழே பதின்ம எண்களாகவே தருகிறேன்.

போர்ட் திறக்கவே இல்லை

ஓப்பன் அழைப்பு -1 தந்தால், பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவின் மதிப்பை அச்சிட வேண்டும். அது 2 என்றால் அந்தப் பெயரில் சாதனம் இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை, பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்நுழைய வேண்டும். 16 என்றால் வேறொரு நிரல் போர்ட்டைத் தனக்கென்று பிடித்துவைத்திருக்கிறது. உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் கொண்ட மாற்றியைச் செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் சேவை அதைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கருவி உங்களுக்குத் தேவையில்லையெனில் சேவையை நீக்கிவிடலாம். மோடம்மேனேஜர் வேறு வகையில் தொல்லை தரும்: புதிதாக வந்த போர்ட்டை மோடம் என்று நினைத்து அதற்குள் கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும்.

போர்ட் திறக்கிறது, பதில் மட்டும் வரவில்லை

மோட்பஸ் சாதனத்துக்கு வாய் குறைவு. வேகம் தவறு, பேரிட்டி தவறு, சிஆர்சி (செய்தியின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்) தவறு, சாதனத்தின் எண் தவறு என எதுவானாலும் அது பேசாமல் இருந்துவிடும். எனவே மௌனத்தை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. மாறாக, பதிலின் இரண்டாம் பைட், நாம் அனுப்பிய கட்டளை எண்ணான 4-க்குப் பதிலாக அதன் பிழைக் குறியான 132 என்று வந்தால் மகிழ்ச்சியடையலாம். கம்பி, வேகம், சிஆர்சி மூன்றும் சரி. கேட்ட கேள்விதான் தவறு. 132-ஐ அடுத்து 2 வந்தால் ரெஜிஸ்டர் முகவரி தவறு. கையேடு 30001 என்று சொல்வது கம்பியில் பெரும்பாலும் 0 என்றே போக வேண்டும். அந்த ஒன்று கூடுதலாகப் போவதுதான் வழக்கமான காரணம்.

முழு மௌனம் என்றால், ரைட் அழைப்பு எத்தனை பைட் அனுப்பியதாகச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். சென்சாரிடம் கேட்கும் கேள்வி 1, 4, 0, 0, 0, 2, 113, 203 என்ற எட்டு பைட். அதன் நீளத்தை எஸ்டிஆர்லென் கொண்டு கணக்கிட்டால், மூன்றாவதாக நிற்கும் பூஜ்யத்தைச் சரத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டு அது 2 என்று சொல்லும். இரண்டே பைட் போகும். சாதனம் வாய் திறக்காது. எழுத்துகளால் பேசும் சாதனத்துக்கு எழுதிய நிரலை மோட்பஸுக்கு மாற்றும்போது இது எளிதில் தப்பிவிடும்.

எட்டும் போகிறது என்றால் கம்பிக்கு வரலாம். ஏ, பி என்ற பெயர்களைத் தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரி இடுவதில்லை. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் எதுவும் எரிந்துவிடாது. பேச்சு இல்லாத நேரத்தில் இரண்டு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டர் குறைந்தது 0.2 வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி நின்றால், பேச்சில்லாத கம்பியை ஒரு நிலையில் நிறுத்திவைக்கும் பயாஸ் ரெசிஸ்டர் தேவை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓம் அளந்தால், இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கும் கம்பி ஏறத்தாழ 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 காட்டினால் யாரோ நடுவிலும் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். வாட்டும் அறையில் டெர்மினல் திருகுகளைக் கழற்றிப் பார்ப்பதும் வீண் வேலையல்ல. திருகு இறுக்கமாகவே இருக்கும், ஆனால் அதற்குள் செம்பு இழைகள் பச்சை பூத்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். நுனியை வெட்டி, பளபளக்கும் செம்பு வரும் வரை தோலை உரித்து மறுபடி மாட்டினால் போதும்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் சொந்த ஊசிகளிலிருந்து நேராகக் கம்பி எடுத்திருந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பை 3, பை 4 இரண்டிலும் அந்த ஊசிகளுக்கு இயல்பாகக் கிடைப்பது மினி யூஆர்ட் என்ற எளிய சீரியல் சர்க்யூட். அதற்குப் பேரிட்டி பிட் அனுப்பத் தெரியாது. ஈவன் பேரிட்டி எதிர்பார்க்கும் சாதனத்தோடு அது ஒருபோதும் பேசப்போவதில்லை. மோட்பஸின் இயல்பு அமைப்பே ஈவன் பேரிட்டிதான் என்பதால் இது அபூர்வமான சிக்கலும் அல்ல.

ஒரே ஒரு பைட் வந்து, பிறகு பூஜ்யம் வருகிறது

லினக்ஸில் புதிதாகத் திறந்த சீரியல் போர்ட், அந்தப் பக்கம் ஒரு மனிதர் விசைப்பலகையோடு உட்கார்ந்திருக்கிறார் என்றே நம்புகிறது. ஆகவே என்டர் அழுத்தும் வரை வரியைத் தேக்கிவைக்கும். வந்த எழுத்தைத் திருப்பி எதிரொலிக்கும். கன்ட்ரோல்-சி வந்தால் நிரலைக் கொல்லப் பார்க்கும். கன்ட்ரோல்-எஸ் வந்தால் அனுப்புவதை நிறுத்தும். கன்ட்ரோல்-சி என்பது பைட் 3, கன்ட்ரோல்-டி 4, கன்ட்ரோல்-கியூ 17, கன்ட்ரோல்-எஸ் 19. மோட்பஸுக்கோ இவை வெறும் எண்கள்.

சென்சாரின் பதில் 1, 4, 4 என்று தொடங்கும் ஒன்பது பைட். வரியாகத் தேக்கிவைக்கும் ஐகேனான் ஃபிளாக் நீக்கப்படாத போர்ட்டில் முதல் 4 வந்ததும் கெர்னல் அதைக் கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொண்டு, அதுவரை வந்த 1 என்ற ஒரே பைட்டை ரீட்டிடம் கொடுக்கிறது. இரண்டாவது 4 வந்ததும் அடுத்த ரீட் பூஜ்யம் பெறுகிறது. மீதிப் பைட்டுகள் வராத என்டருக்காகக் காத்துக் கிடக்கின்றன. எக்கோ ஃபிளாக்கும் இருந்தால் வந்தவை திரும்பவும் கம்பியில் எதிரொலித்து, பலகையையும் சென்சாரையும் சேர்த்துக் குழப்பும்.

இதன் கிளை அறிகுறி ஒன்று உண்டு. வேறொரு டெர்மினல் நிரல் போர்ட்டைத் தன் விருப்பப்படி அமைத்துவிட்டுப் போன பின் உங்கள் நிரல் சரியாக ஓடும். மாற்றியைப் பிடுங்கிச் செருகினால் பழைய கதை திரும்பும். உங்கள் நிரல் தானாக எதையும் அமைக்கவில்லை, யாரோ விட்டுச் சென்ற அமைப்பில் ஓடுகிறது என்று அதற்குப் பொருள்.

மூடுபனி இறங்கினால் நிரல் செத்துவிடுகிறது

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் நிரல், சாயங்காலம் மூடுபனி இறங்கி அறையின் ஈரம் ஏறியதும் நின்றுவிடுகிறது என்றால், ஈரம் சர்க்யூட்டில் புகுந்துவிட்டது என்றுதான் எவரும் சொல்வார்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைப்பார்கள். சிலிக்கான் பசை பூசுவார்கள். குற்றவாளி ஈரம்தான், ஆனால் தண்ணீராக அல்ல, எண்ணாக.

இவ்வகைச் சென்சார் ஈரப்பதத்தைப் பத்தால் பெருக்கி இரண்டு பைட்டுகளாக அனுப்புகிறது. 76.7 சதவீதம் என்பது 767, அதாவது 2, 255. 76.8 என்பது 768, அதாவது 3, 0. அங்கிருந்து நூறு சதவீதம் வரை முதல் பைட் 3-ஆகவே இருக்கும். ஐகேனானையும் எக்கோவையும் மட்டும் நீக்கி, கன்ட்ரோல்-சியைச் சிக்னலாக்கும் ஐசிக் ஃபிளாக்கை விட்டுவைத்த நிரலில், ஈரம் 76.8-ஐத் தொட்ட கணமே சென்சார் கன்ட்ரோல்-சி அனுப்பத் தொடங்குகிறது. கெர்னல் அந்த 3-ஐ விழுங்கிவிட்டு, நிரல் இன்னும் படிக்காமல் பஃபரில் இருந்தவற்றையும் துடைத்துவிடுகிறது.

இதே நிரலைக் கையால் ஓட்டினால் சிஆர்சி பிழை மட்டும் வரும். சர்வீஸாக ஓட்டினால் சாகும். சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தொடங்கும் நிரலுக்குக் கட்டுப்பாட்டு டெர்மினல் கிடையாது. ஓ_நோசிடிடிஒய் என்ற குறியை ஓப்பன் அழைப்பில் தராமல் போர்ட்டைத் திறந்தால் அந்தப் போர்ட்டே அதன் கட்டுப்பாட்டு டெர்மினலாகிவிடும், அதன் வழியே வரும் 3 என்ற பைட் சிக்இன்ட் சிக்னலாக நிரலைக் கொன்றுவிடும். சிக்இன்ட்டால் செத்ததைச் சிஸ்டம்டி ஒழுங்கான முடிவு என்றே கணக்கில் எடுப்பதால், ரீஸ்டார்ட் அமைப்பு ஆன்-ஃபெயிலியர் என்றிருந்தால் நிரலை மறுபடி எழுப்பாது. பதிவேட்டில் சிவப்பு எழுத்தே இல்லாமல் நிரல் நின்றிருக்கும்.

ஐசிக்கை நீக்கி, கன்ட்ரோல்-எஸ்ஸுக்குக் கட்டுப்படும் ஐஎக்ஸ்ஆன் ஃபிளாக்கை விட்டுவைத்த நிரலுக்கு வேறு வகை மரணம். ஈரம் 78.7 ஆகும்போது பைட்டுகள் 3, 19. அந்த 19-ஐக் கண்டதும் அனுப்பும் பக்கம் நின்றுவிடும். ரைட் வெற்றி என்றே சொல்லும், ஆனால் கம்பியில் ஒன்றும் போகாது. மறுபடி கிளம்ப 17 வர வேண்டும். கேட்காமல் எந்தச் சாதனமும் பேசாது என்பதால் அது வரவே வராது. 78.1-இல் வரும் 13-ஐ ஐசிஆர்என்எல் ஃபிளாக் 10 ஆக மாற்றும், சிஆர்சி பொய்க்கும், அளவு 78.2 ஆனதும் எல்லாம் சரியாகிவிடும். சிஆர்சியின் இரண்டு பைட்டுகளிலும் இந்த எண்கள் வரக்கூடும் என்பதால், ஈரத்துக்குத் தொடர்பில்லாத அளவுகளிலும் அங்கங்கே ஒரு பிழை தலைகாட்டும்.

தீர்வு ஒன்றுதான். டிசிகெட்அட்டர் கொண்டு இருப்பதைப் படித்து, ரா நிலையை அமைக்கும் சிஎஃப்மேக்ராவை அழைத்து, அது தொடாதவற்றை நாமே எழுத வேண்டும்: சிலோக்கல், சிரீட் இரண்டையும் இட வேண்டும், ஐஎக்ஸ்ஆஃப், சிஎஸ்டாப்பி, சிஆர்டிஎஸ்சிடிஎஸ் மூன்றையும் நீக்க வேண்டும், வேகத்தை 9600 என்ற வெற்று எண்ணாகத் தராமல் அதற்கான மாறிலியின் பெயரால் தர வேண்டும். இந்த அமைப்பை எழுதும் டிசிசெட்அட்டர், கேட்டவற்றில் ஒன்றை மட்டும் செய்திருந்தாலும் வெற்றி என்றே திரும்பும். ஆகவே அமைத்ததைத் திரும்பப் படித்து, கேட்டது கிடைத்ததா என்று ஒப்பிடாத நிரலை நான் முடிந்த நிரலாகக் கருதுவதில்லை.

பதினொன்றாவது விசிறி மட்டும் ஓடவில்லை

ரிலேவையும் கான்டாக்டரையும் மாற்றியும் தீராத பிழை இது. ரிலேக்களின் முகவரி பூஜ்யத்தில் தொடங்குவதால் பதினொன்றாவது ரிலேவின் முகவரி 10. கட்டளை 2, 5, 0, 10, 255, 0 என்று தொடங்கும். வெளியே போவதை மாற்றும் ஓபோஸ்ட் ஃபிளாக் நீக்கப்படாத போர்ட்டில், வெளியே போகும் ஒவ்வொரு 10-க்கு முன்பும் கெர்னல் ஒரு 13-ஐச் சேர்த்துவிடும். பலகைக்கு ஒன்பது பைட் வரும். அது சிஆர்சி பொருந்தாமல் தள்ளிவிடும். எஸ்ட்ரேஸில் எட்டு பைட் சரியாகவே போனதாகத் தெரியும். இரண்டாம் மாற்றியை வைத்துக் கேட்டால்தான் அந்த 13 அகப்படும். தீர்வு மேலே சொன்னதேதான்.

12.7 பாகை வரை சரி, அதற்கு மேல் கழித்தல் குறி

விடியற்காலையில் 12.7 காட்டிய திரை, வெயில் ஏறியதும் -12.8 காட்டுகிறது. 128 என்ற பைட்டைச் சி மொழியின் சார் என்ற வகை பஃபரில் வைத்தால், இன்டெல் வகைக் கணினிகளில் அது -128 ஆகும். இரண்டு பைட்டுகளைச் சேர்க்கும்போது மேல் பிட்டுகள் எல்லாம் ஒன்றாகி முழு எண்ணும் எதிர்மறையாகும். ஆர்ம் லினக்ஸில் சார் இயல்பாகவே குறியற்றது என்பதால், ராஸ்பெரி பையில் இதே நிரல் சரியாக ஓடும். பையில் ஓடியது மடிக்கணினியில் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான். பஃபரை யூஇன்ட்8_டி என்ற குறியற்ற வகையாக அறிவித்துவிட்டால் சிஆர்சி கணக்கில் வரும் இதே கோளாறும் சேர்ந்து தீரும்.

ஆனால் சேர்த்து முடித்த வெப்பநிலையை இன்ட்16_டி என்ற குறியுள்ள வகைக்கு மாற்ற மறந்தால் எதிர்ப்பக்கம் தவறும். உதகையில் உறைபனிக் காலத்தில் -1.0 பாகையைச் சென்சார் 255, 246 என்று அனுப்பும். குறியற்ற எண்ணாக அதைப் படித்தால் திரையில் 6552.6 பாகை தெரியும். அதை நம்பி விசிறியை முடிவுசெய்யும் நிரல் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதில் துண்டாக வருகிறது, அல்லது போன கேள்விக்கான பதில் இப்போது வருகிறது

9600 வேகத்தில் ஒரு பைட் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். ஒன்பது பைட் கேட்ட ரீட் ஐந்தோடு திரும்பினால் அது பிழையல்ல, ரீட்டின் இயல்பு. முழு நீளம் சேரும் வரை, கெடுவோடு பைட்டுக்குக் காத்திருக்கும் 'போல்' என்ற அழைப்பின் துணையோடு சுற்றிச் சேர்க்க வேண்டும். ரைட்டுக்கும் ரீட்டுக்கும் நடுவே காத்திருக்கவைக்கும் யூஸ்லீப்பைப் போட்டு, பிழை வரும்போதெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டே போவது எனக்கு உடன்பாடில்லாத வைத்தியம். எஃப்டிடிஐ மாற்றிகள் சிறு பதில்களை 16 மில்லி விநாடி வரை தேக்கிவைத்துத் தருவதால், இன்று போதுமான காத்திருப்பு வேறொரு மாற்றியில் போதாமல் போகும்.

ரீட் எத்தனை பைட்டுக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று சொல்லும் விமின், விடைம் இரண்டையும் பூஜ்யத்துக்கு மேல் வைத்தவர்கள் காலக்கெடு இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். அந்தக் கடிகாரம் முதல் பைட் வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். சாதனம் அணைந்திருந்தால் ரீட் முடிவில்லாமல் காத்திருக்கும். போலை வைத்துக் கெடுவை நிரலே கணக்கிடுவது நல்லது. கெடு தாண்டியதும் அடுத்த கேள்விக்கு முன் டிசிஃப்ளஷ் கொண்டு பஃபரைத் துடைக்காவிட்டால், தாமதமாக வந்த பழைய பதில் புதிய கேள்விக்கு ஒட்டிக்கொண்டு, அதன் பிறகு எல்லாம் ஒரு படி தள்ளியே வரும்.

விசிறி கிளம்பும்போது இணைப்பு அறுகிறது

இது நிகழ்வோடு வரும் பிழை. இங்கே கம்பியையும் மின்வழங்கலையும் தாராளமாகச் சந்தேகிக்கலாம். மோட்டார் கிளம்பும் நேரத்தில் கெர்னலின் டிமெஸ்ஜ் பதிவில் யூஎஸ்பி துண்டிப்பு தெரிந்தால், கான்டாக்டர் சுருளின் குறுக்கே மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் ஸ்னப்பர் போடவும், தரவுக் கம்பியை மோட்டார் கேபிளை விட்டு விலக்கி ஓட்டவும், தனிமைப்படுத்தப்பட்ட வகை ஆர்எஸ்-485 மாற்றியை வாங்கவும் வேண்டும். இடிக்கும் இதுவே ஓரளவு காப்பு.

நிரலின் பங்கும் உண்டு. துண்டிப்புக்குப் பின் ரீட் பூஜ்யமோ எர்நோ 5-உடன் பிழையோ தரும். பூஜ்யத்தைப் பொருட்படுத்தாத நிரல் வெற்றுச் சுற்றில் சிபியூவைத் தின்னும். பழைய இணைப்பை மூடாமல் வைத்திருந்தால் டிடிஒய்யூஎஸ்பி0 விடுபடாது, மாற்றி டிடிஒய்யூஎஸ்பி1 என்ற பெயரில் திரும்பி வரும். எனவே மூட வேண்டும், சற்றுப் பொறுத்து மறுபடி திறக்க வேண்டும், டெர்மியோஸ் எனப்படும் போர்ட் அமைப்பு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். எண்ணிட்ட பெயருக்குப் பதில் பை-ஐடி கோப்புறையின் பெயரைப் பயன்படுத்தலாம். சிஎச்340 மாற்றிகளில் தனித்த வரிசை எண் பொதுவாக இருக்காது. ஒரே கணினியில் இரண்டு இருந்தால் எந்தத் துளையில் செருகியது என்று சொல்லும் பை-பாத் பெயர்தான் கைகொடுக்கும்.

மின்வெட்டுக்குப் பின் நேரக் கணக்கு தவறுகிறது

பை 4 வரையிலான ராஸ்பெரி பைகளில் மின்கலத்தோடு ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் பழைய நேரத்தோடு எழுந்து, இணையம் கிடைத்த பின் ஒரே தாவாக இன்றைய நேரத்துக்குப் போகும். டைம் அழைப்பை வைத்துக் கெடுவையும் விசிறி ஓடிய நேரத்தையும் கணக்கிடும் நிரல் அந்தத் தாவலில், இரண்டு நிமிடம் ஓடிய விசிறி பல மணி நேரம் ஓடிவிட்டதாக எண்ணி நிறுத்திவிடும். இடைவெளிகளுக்கெல்லாம் இப்படித் தாவாத கிளாக்_மொனோடானிக் கடிகாரத்தையே பயன்படுத்த வேண்டும். நாள் நேரம் பதிவேட்டில் எழுத மட்டும்.

பேச்சு நின்றால் தானே ரிலேக்களை மாற்றும் வாட்ச்டாக் இல்லாத ரிலே பலகை, நிரல் செத்தாலும் கடைசிக் கட்டளையிலேயே நிற்கும். அதனால் ஒவ்வொரு கான்டாக்டருக்கும் கையால் போடும் ஸ்விட்ச் ஒன்றை இணையாக வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை இரவு ஷிஃப்ட்டில் இருப்பவருக்குக் காட்டிவைக்க வேண்டும். திருத்திய நிரலைச் சோதிக்க, விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பி மாற்றியைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். சென்சாரின் அளவு தானாகத் திரும்பி வந்தால் அன்றிரவு நிரலை ஓட விடலாம்.